கழிக்கப்பட்ட படைத்துறை ரைபிள்கள்: வாங்குதலும் நிலை அறிதலும்

கழிக்கப்பட்ட படைத்துறை ரைபிள் என்பது, ஒரு நாட்டின் படையோ காவல்துறையோ பல ஆண்டுகள் பயன்படுத்தி, புதிய ஆயுதம் வந்தபின் தேவையில்லை என்று ஒதுக்கிய நீள்குழல் துப்பாக்கி ஆகும். அமெரிக்கா போன்ற சில நாடுகளில் இவை கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு படையும் காவல்துறையும் மிகுதியாகக் கையாண்ட .303 ரைபிளைப் பொதுமக்கள் விலைக்கு வாங்க முடியாது. எனினும் தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கி, பள்ளி தேசிய மாணவர் படையின் பயிற்சி ரைபிள், படை ரைபிளின் அமைப்பிலேயே செய்யப்பட்டு உரிமத்தின்பேரில் விற்கப்படும் .315 ரைபிள் என இதன் உறவுமுறைகள் ஊர்ப்புறங்களில் கண்ணில் படுவதுண்டு. அப்படி ஒன்று கைக்கு வரும்போது அது என்ன வகை, வீட்டில் இருக்கலாமா, சுடத்தக்க நிலையில் உள்ளதா என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. இக்கட்டுரை புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை மனத்தில் கொண்டு அவற்றை விளக்குகிறது.

வில்லியனூர், பாகூர் பின்னணி

இப்பகுதிக்குத் துப்பாக்கி புதிதன்று. 1752இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலேயப் படையும் கெர்ழான் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் பாகூரில் மோதின. கெர்ழான் தோற்றுச் சிறைப்பட்டார். அன்று இருதரப்பாரும் ஏந்தியவை முன்புறமாக மருந்தும் குண்டும் இட்டு, சக்கிமுக்கிக் கல்லால் தீமூட்டிச் சுடும் மஸ்கட்டுகள். குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்ததால் அவற்றை ரைபிள் என்று சொல்வதில்லை. குழலுக்குள் திருகு வரிகள் வெட்டப்பட்டு, குண்டு சுழன்றபடி வெளியேறினால்தான் அது ரைபிள்.

பிரெஞ்சு ஆட்சிக்காலம் இன்னொரு தடத்தையும் விட்டுச்சென்றது. புதுச்சேரியிலிருந்து பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை சென்று பணியாற்றினர். அவர்களை ஊரார் இன்றும் 'சொல்தா' என்றே குறிப்பிடுகின்றனர். இதனால் புதுச்சேரியில் ஒரு பழைய துப்பாக்கியைப் பார்ப்பவர் ஆங்கில முத்திரையை மட்டும் எதிர்பார்த்தால் போதாது. சேந்த்-எத்தியேன் போன்ற பிரெஞ்சு ஆயுதச் சாலைகளின் பெயரும் அதில் இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, கொம்யூன்களின் நில அமைப்பையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டான நிலம் அன்று. நடுநடுவே தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் வந்துபோகும். உள்சாலை வழியாக இருசக்கர வண்டியில் போகும் ஒருவர் தாம் எத்தனை முறை எல்லை கடந்தோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. துப்பாக்கியோடு போகிறவர் எண்ணித்தான் ஆக வேண்டும். ஏனெனில் ஆயுத உரிமத்தில் அது செல்லுபடியாகும் பரப்பு குறிக்கப்பட்டிருக்கும். புதுச்சேரிக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு தமிழ்நாட்டு ஊர் ஒன்றைக் கடப்பது, உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்வதற்கு ஒப்பாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் துப்பாக்கிகளை ஆளும் சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். இதன் கீழ் இப்போது நடைமுறையில் உள்ளவை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். துப்பாக்கிகள் இரு பெரும் பிரிவாகப் பார்க்கப்படுகின்றன. ஒன்று தடைசெய்யப்பட்ட ரகம், மற்றொன்று தடைசெய்யப்படாத ரகம். படைகள் பயன்படுத்தும் .303, 7.62 மில்லிமீட்டர் தோட்டாக்களை ஏற்றுச் சுடக்கூடிய ரைபிள்கள் முதல் பிரிவைச் சேர்ந்தவை. .410 மஸ்கட்டும் அப்படியே. இவற்றை வைத்திருக்க மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் தரும் வழக்கமான உரிமம் போதாது.

இந்தத் தடையின் உள்நோக்கம் எளியது. படையின் தோட்டா வெளியே கசிந்தாலும் அதைச் சுடப் பொதுமக்களிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று ஆங்கிலேய அரசு எண்ணியது. அதனால்தான் வேட்டைக்காரர்களுக்கென்று .315 என்ற வேறு அளவுத் தோட்டா இங்கு பரவியது. ஆஸ்திரியாவின் மான்லிக்கர் 8 மில்லிமீட்டர் தோட்டாவே இதற்கு மூலம். விடுதலைக்குப் பின்னும் அந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .315 ரைபிளை லீ-என்ஃபீல்ட் அமைப்பிலேயே செய்து பொதுமக்களுக்கு விற்றுவந்தது. 2021 அக்டோபர் 1 முதல் இத்தொழிற்சாலை 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. சட்டப்படி ஓர் இந்தியக் குடிமகன் படை ரைபிளுக்கு மிக அருகில் போகக்கூடிய இடம் இந்த .315தான்.

அதையும் எளிதில் பெற்றுவிட முடியாது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும், பயிர்ப் பாதுகாப்புக்காக முன்புறம் மருந்திடும் துப்பாக்கி கேட்பவருக்கும் ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சற்று இடம் கொடுக்கிறது. ரைபிள் கேட்பவரோ தகுந்த காரணத்தைக் காட்டி உரிமம் தரும் அதிகாரியை ஏற்கச் செய்ய வேண்டும். வேட்டை என்று காரணம் சொல்ல வழியில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அடைத்துவிட்டது. வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஏரிக்கரையில் கொக்கு சுட்ட கதைகளெல்லாம் இனி பழங்கதைதான்.

2019ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தடைசெய்யப்பட்ட ரக ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுவரை சிறை. மற்ற துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது.

மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 45ஆவது பிரிவு. வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்வதாகப் பலர் கூறுவர். அந்த வாக்கியத்தின் பின்பாதியை அவர்கள் விட்டுவிடுகின்றனர். பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படுத்த இயலாத நிலையில் அது இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பரணில் முப்பது ஆண்டு கிடந்து துருப்பிடித்து, போல்ட் அசையாமல் இறுகிப்போன ரைபிளை ஓர் ஆயுதப் பழுதுபார்ப்பவர் ஒரே நாளில் இயங்கவைத்துவிடக்கூடும். அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே. "சும்மா இரும்புக் குழாய்தானே" என்று வீட்டார் சொல்வது நீதிமன்றத்தில் நிற்காது. அங்கு எடுபடுவது துப்பாக்கியியல் நிபுணரின் அறிக்கை. துப்பாக்கியின் தனிப் பாகங்களும் சட்டப்படி துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அடங்குவதால், கழற்றி வைத்தாலும் பொறுப்பு நீங்காது.

கழிக்கப்பட்டவை எங்கே போகின்றன

.303 ரைபிள் இந்தியப் படையிடம் 1962 சீனப் போர்வரை முதன்மை ஆயுதமாக இருந்தது. அதன்பின் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். வந்தது. படை கைவிட்ட .303 காவல்துறைக்கும், ஊர்க்காவல் படைக்கும், தேசிய மாணவர் படைக்கும் போயிற்று. 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்தவர்களை எதிர்கொண்ட காவலர் சிலரின் கையில் இருந்ததும் இதே ரைபிள்தான். உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு இதற்கு விடைகொடுத்தது.

இப்படி விடைபெற்றவை ஏலத்துக்கு வருவதில்லை. தகுதியற்றவை என முத்திரையிடப்பட்டவை வெட்டி உருக்கப்படுகின்றன. "போலீஸ் ஏலத்தில் வந்த .303" என்று யாரேனும் விலை பேசினால், அது திருடப்பட்டதாகவோ போலியாகவோதான் இருக்கும். பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரேயொரு குறுகிய வழி இருந்தது. படையின் வழக்கமான வகையைச் சேராத துப்பாக்கிகள் 'நான்-சர்வீஸ் பேட்டர்ன்' என்ற பெயரில் ஜபல்பூர் மத்திய ஆயுதக் கிடங்கு வழியாகப் படை அதிகாரிகளுக்கு விலைக்குத் தரப்பட்டன. அப்படிப் பெற்றவர் சிலர் அவற்றை வெளியாருக்கு விற்றது ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் மாவட்டத்தில் பெரும் வழக்காக வெடித்து, உச்ச நீதிமன்றம்வரை சென்றது. முன்னாள் படைவீரர் ஒருவரிடமிருந்து துப்பாக்கி வாங்க நினைப்பவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். விற்பவரின் நற்பெயர் மட்டும் போதாது. அத்துப்பாக்கி அவர் உரிமத்தில் எந்த எண்ணோடு ஏறியிருக்கிறது, அதை விற்க அவருக்கு அனுமதி உண்டா என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் கதை வேறு. அமெரிக்கா 1968இல் படைத்துறைக் கழிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தி, 1984இல் பழம்பொருள் வகையினவற்றுக்கு மீண்டும் திறந்தது. அதன்பின் இஷாப்பூரில் பிறந்த ரைபிள்கள் பெருமளவில் அங்கு போய்ச் சேர்ந்தன. 2003இல் நேபாளம் காத்மாண்டுவின் லகன் சிலேகானாவில் குவிந்திருந்த பழைய ஆயுதங்களை அமெரிக்க வணிகர்களுக்கு விற்றது. இந்திய மண்ணில் செய்யப்பட்ட ஒரு ரைபிளை இந்தியர் வாங்க முடியாது, ஆனால் அமெரிக்க ஊர்ப்புறக் கடையில் ஒருவர் வாங்கிச் செல்லலாம் என்பது விந்தையாகத் தோன்றும். ஆயினும் நிலை அறியும் முறைகள் மிக நுணுக்கமாக எழுதப்பட்டிருப்பது அந்த வாங்குவோரால்தான். அம்முறைகள் இங்குள்ள .315க்கும், பரம்பரையாக வந்த துப்பாக்கிக்கும், அருங்காட்சியகப் பொருளுக்கும் அப்படியே உதவுகின்றன.

முத்திரைகளைப் படித்தல்

எந்தத் துப்பாக்கியைத் தொடும்போதும் முதல் வேலை அது காலியா என்று பார்ப்பது. மேகசினைக் கழற்றி, போல்டைப் பின்னுக்கு இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவ வேண்டும். "அப்பா காலத்திலிருந்தே காலியாகத்தான் இருக்கிறது" என்ற சொல்லை நம்பக்கூடாது. நெடுநாள் கிடந்த தோட்டாவும் வெடிக்கும்.

லீ-என்ஃபீல்ட் வகையில், கட்டையும் இரும்பும் சேரும் கழுத்துப் பகுதியின் வலப்புறத்தில் முத்திரை இருக்கும். ஆங்கிலேயர் காலத்து இஷாப்பூர் ரைபிளில் அரச முடியும், அரசர் ஜார்ஜைக் குறிக்கும் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்துகளும், ஊர்ப் பெயரும், ஆண்டும், மாதிரியும் காணப்படும். 1950க்குப் பின் முடியின் இடத்தில் அசோகரின் சிங்கத் தலைகள் வந்தன. 'ஆர்.எஃப்.ஐ.' என்பது இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் சுருக்கம்.

அடுத்து வரிசை எண். குழல் பொருந்தியிருக்கும் உடற்பகுதி, போல்ட், முன்மூக்கு உலோகம், பின் குறி, அடிக்கட்டை ஆகியவற்றில் ஒரே எண் இருந்தால், அவை ஒன்றாகவே பிறந்து ஒன்றாகவே வாழ்ந்தவை. போல்டின் எண் மட்டும் மாறியிருந்தால் எச்சரிக்கை தேவை. சேகரிப்பாளருக்கு அது விலைக்குறைவு. சுடுபவருக்கோ உயிர்ப் பிரச்சினை. காரணம் கீழே வரும். உரிமம் பெற்ற துப்பாக்கியானால் உடற்பகுதி எண்ணும் உரிமத்தில் எழுதிய எண்ணும் ஓர் இலக்கமும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். தேய்த்து அழிக்கப்பட்ட எண்ணோ, அடித்துத் திருத்திய எண்ணோ இருந்தால் அதை வாங்கவே கூடாது.

இஷாப்பூர் ரைபிள்களில் பின்னாளைய ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். சீனப் போருக்குப் பின் .303இன் அமைப்பிலேயே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட '2ஏ', '2ஏ1' ரைபிள்கள் அவை. பழைய .303ஐத் துளைத்து மாற்றியவை என்று சிலர் எழுதுகின்றனர். அது தவறு. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் வலுவான எஃகால் புதிதாகவே செய்யப்பட்டன. 12 தோட்டா கொள்ளும், கீழ்ப்பகுதி சாய்வின்றிச் சதுரமாக இருக்கும் மேகசினே கண்ணால் அறியும் அடையாளம். .303இன் மேகசின் 10 தோட்டா கொள்ளும். பின் குறியில் 2000 மீட்டர்வரை அளவு இருந்தால் 2ஏ, 800 மீட்டரோடு நின்றால் 2ஏ1.

குழலின் நிலை

துப்பாக்கியின் உயிர் குழலின் உட்புறத்தில் இருக்கிறது. மேலே பளபளக்கும் பாலிஷும் கருஞ்சாயமும் எதையும் சொல்லா. சிலவேளை அவையே மறைக்கின்றன. தடித்த கரும் எனாமல் பூச்சின் கீழே அரித்த குழிகள் ஒளிந்திருக்கும். நகத்தால் வருடினால் தெரியும்.

போல்டைக் கழற்றிவிட்டு, பின்புறமிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலினூடே பார்க்க வேண்டும். அதற்கு முன் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பூசிய குழல் எதுவும் பளபளக்கும் என்பது விற்பவருக்குத் தெரிந்த பழைய தந்திரம். .303 குழலில் வழக்கமாக ஐந்து வரிகள் இடப்பக்கமாகச் சுழன்று செல்லும். 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. வரிகளின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தால் நல்லது. மங்கலாகப் பனிபடர்ந்தாற்போல் இருந்தால் லேசான அரிப்பு. அது பெரும்பாலும் குறியைக் கெடுப்பதில்லை. வரியின் மூலைகளில் கரும்புள்ளிக் குழிகள் இருந்தால் மதிப்பும் துல்லியமும் குறையும்.

குழலினுள் எங்கேனும் ஒரு கரிய வளையம் தென்பட்டால் அது மிக மோசமான அறிகுறி. முன்பு சுட்ட குண்டு நடுவில் சிக்கியிருக்க, அடுத்த குண்டு வந்து மோதிய இடத்தில் குழல் உப்பியிருக்கும். வெளியே விரலால் தடவினாலும் மேடு தட்டுப்படலாம். அத்தகைய குழலைச் சுடக்கூடாது, வாங்கவும் கூடாது.

குழல் வாயின் தேய்மானத்தை அறியச் சேகரிப்பாளர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. தோட்டாவிலிருந்து பிரிக்கப்பட்ட, மருந்தற்ற தனிக் குண்டின் முனையை வாயில் வைத்துப் பார்ப்பது. குண்டு பாதியில் நிற்க வேண்டும். உறைவரை உள்ளே விழுந்தால் வாய் அகன்றுவிட்டது. சுட்டதால் மட்டும் வாய் அகல்வதில்லை. முன்புறமிருந்து துப்புரவுக் கயிற்றையும் கம்பியையும் ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத் தேய்த்த கைகளே பெரும்பாலும் காரணம். நன்றாகப் பராமரிக்கிறேன் என்று தினமும் தேய்த்தவரின் துப்பாக்கியே சிலவேளை அதிகம் தேய்ந்திருக்கும்.

அரிப்பின் மூலம் எது என்பதையும் அறிவது நல்லது. பழைய படைத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படியும். சமையல் உப்பு மழைக்காலத்தில் கசிவதுபோல் இதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது, நீரில்தான் கரையும். ஆகவேதான் அந்நாளைய சிப்பாய்கள் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இட்டனர். வெறும் எண்ணெயை மட்டும் இட்டவர்களின் குழல் உள்ளிருந்தே துருத்தது. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள பாகூர்ப் பகுதியில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தோல் உறையில் வைத்து மூடினால் பாதுகாப்பு என்பதும் தவறான எண்ணம். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து, தொட்ட இடமெல்லாம் துருவை உண்டாக்கும்.

கட்டைக்குள் மறைந்த இரும்பையும் பார்க்க வேண்டும். மேல் மரக்காப்பை அகற்றினால், மரக்கோட்டுக்குக் கீழே வியர்வையும் மழையும் தேங்கிய இடம் தெரியும். வெளியே புதிதுபோல் இருந்து உள்ளே பள்ளம் பள்ளமாக அரித்திருப்பவை பல.

போல்டும் கட்டையும்

தோட்டாவின் அடிவிளிம்பு நிற்பதற்காக, மூடிய போல்டின் முகத்துக்கும் குழலின் பின்விளிம்புக்கும் இடையே சிறு இடைவெளி விடப்படுகிறது. இதையே 'ஹெட்ஸ்பேஸ்' என்பர். .303இல் இது 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மிகுந்தால் சுடும்போது தோட்டாவின் பித்தளை பின்னோக்கி இழுபட்டுக் கிழியும். சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். எண் மாறிய போல்டை அஞ்சுவது இதனால்தான். ஒரு துப்பாக்கியின் உடலுக்காகச் சரிசெய்த போல்ட் மற்றொன்றில் இதே இடைவெளியைத் தரும் என்று சொல்ல முடியாது. இதைக் கண்ணால் மதிப்பிட இயலாது. அளவுக்கட்டைகளைக் கொண்டு ஆயுதப் பழுதுபார்ப்பவர்தான் அளக்க வேண்டும்.

கட்டையில் விரிசல் எங்கே இருக்கிறது என்பதே பெரிது. மேற்பரப்புக் கீறல்கள் பணியின் தழும்புகள், அவற்றால் குற்றமில்லை. கழுத்தில் ஓடும் விரிசலும், உடற்பகுதியின் பின்முனை கட்டையில் முட்டும் இடத்தில் உள்ள பிளவும் ஒவ்வொரு சூட்டிலும் வளரும். இஷாப்பூர் ரைபிள்களின் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகாணி காணப்படும். பார்ப்பவர் அதைப் பழுது என்று எண்ணக்கூடும். அது தொழிற்சாலையே வெப்பமண்டலத்து மரம் பிளவாமல் இருக்க இட்ட வலுவூட்டல்.

அமெரிக்க தேசிய ரைபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளின் நிலையை மிகச்சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று தரம் பிரிக்கிறது. விளம்பரங்களில் இச்சொற்கள் தாராளமாகப் புழங்கினாலும், அவை தோற்றத்தையும் அசல் தன்மையையும் பற்றியவை. 'மிக நன்று' என்றால் சுடுவதற்குப் பாதுகாப்பானது என்று பொருளாகாது.

ஏமாற்றும் மூன்று வகைகள்

முதலாவது பயிற்சி ரைபிள். பள்ளி, கல்லூரிகளில் தேசிய மாணவர் படை அணிவகுப்பில் தோளில் ஏந்தும் .303களில் பல 'டி.பி.' என்ற முத்திரை பெற்றவை. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்பது அதன் பொருள். சுடும் ஊசி நீக்கப்பட்டோ குழலில் துளையிடப்பட்டோ இருக்கும். கட்டையில் வெள்ளைப் பட்டையும் தீட்டப்படுவதுண்டு. மாணவர்கள் உண்மையில் சுட்டுப் பழகுவது .22 ரைபிளில். தேய்ந்து, நம்பத்தகாதவை என்று ஒதுக்கப்பட்டவையே 'டி.பி.' ஆக்கப்பட்டன. வெளிநாட்டில் சிலர் இவற்றின் துளையை அடைத்து விற்று, வாங்கியவரை ஆபத்தில் தள்ளியிருக்கின்றனர். இங்கு அவை அரசின் உடைமை. காட்சிக்கு அழகாக இருக்கும் என்று வீட்டுக்கு எடுத்துப்போகத்தக்கவை அல்ல.

இரண்டாவது .410 மஸ்கட். பார்க்க அசல் .303. ஆனால் குழலின் வரிகள் நீக்கப்பட்டு உட்புறம் வழவழப்பாக இருக்கும். மேகசின் இடத்தில் மரக்கட்டை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாக மட்டும் இடும்படி இஷாப்பூரில் மாற்றப்பட்டது. சிறைக்காவலுக்கும் கலவரம் அடக்கவும் இது தரப்பட்டது. குழல் வழவழப்பாக இருப்பதால் சாதாரண வேட்டைத் துப்பாக்கி வகைதான் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மேலே சொன்னதுபோல் இதுவும் தடைசெய்யப்பட்ட ரகமே.

மூன்றாவது, புதுச்சேரிக்கே உரிய குழப்பம். 1886இல் பிரான்சு ஏற்ற லெபல் ரைபிளின் தோட்டாவும் 8 மில்லிமீட்டர், நீளம் 50 மில்லிமீட்டர், விளிம்புள்ளது. இந்திய .315 தோட்டாவின் மூலமான மான்லிக்கரும் அதே 8, அதே 50, அதே விளிம்பு. தாளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரியும். உண்மையில் லெபல் தோட்டாவின் அடிப்பாகம் மிகப் பருத்தது. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் இட்டுப் பார்ப்பது விபத்தை அழைப்பதாகும். பெயரில் உள்ள அளவை வைத்துத் தோட்டா தேடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பரம்பரையாக வந்த துப்பாக்கி

வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு குடும்பம் நடைமுறையில் சந்திக்கக்கூடியது வாங்கும் கேள்வியைவிட இதுதான். உரிமம் பெற்றவர் இறந்த அன்றே அவர் உரிமம் வீட்டாரைக் காப்பது நின்றுவிடுகிறது. ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி துப்பாக்கியைக் காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் உரிமை போய்விடும் என்ற அச்சத்தால் பலர் மறைத்துவைக்கின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. ஒப்படைத்த பொருளின் உடைமை குடும்பத்திடமே இருக்கும். வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்று மீட்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு முறைப்படி விற்கலாம். வாரிசுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது நிறைந்த பின்னரோ 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்த பின்னரோ, வாரிசுக்கு மாற்றித்தரவும் 2016 விதிகள் இடம் தருகின்றன. பின்னால் அலைவதைவிட இது எளிது.

உரிமமே இல்லாமல் பரணில் ஒன்று கண்டெடுக்கப்பட்டால், அதைத் துடைக்கவோ, போல்டை அடித்து இளக்கவோ, ஊராருக்குக் காட்டவோ கூடாது. தூக்கிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போவதும் சரியன்று. வழியில் சோதனையில் பிடிபட்டால் விளக்கம் எடுபடுவது கடினம். தமிழ்நாட்டு எல்லையைக் கடக்க நேர்ந்தால் இன்னும் சிக்கல். இருந்த இடத்திலேயே விட்டு, வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து, எழுத்து மூலம் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, அவர்கள் வந்து எடுத்துச்செல்லும்போது வகை, முத்திரை, எண் ஆகியவற்றைக் குறித்த ரசீது பெறுவது நல்லது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளானால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கிடும். அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.

ரசீதின் அருமை தேர்தல் காலத்தில் தெரியும். உரிமம் பெற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளைத் தேர்தல் முடியும்வரை காவல் நிலையத்தில் வைக்க வேண்டிவருகிறது. வங்கிகளில் காவல் பணி செய்யும் முன்னாள் படைவீரர்களுக்குப் பணி நிமித்தம் விலக்குக் கேட்கும் வழி உண்டு. ஒப்படைக்கும் முன் குழலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு, கட்டையில் ஏற்கனவே உள்ள கீறல்களையும் ரசீதில் குறிக்கச் சொல்ல வேண்டும். திரும்பப் பெறும்போது காவல் நிலைய மேசையிலேயே உடற்பகுதி எண்ணையும் போல்ட் எண்ணையும் ரசீதோடு ஒப்பிட வேண்டும். ஒரே மாதிரியான .315 ரைபிள்கள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் அறையில் போல்டுகள் இடம் மாறிப்போவது நடக்கக்கூடியதே.